ஓரத்தைப் பார்த்துவிட்டு க்ளிக் செய்யுங்கள்

நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் தொழில். கூட வேலைக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் ரூல் ஆஃப் தேர்ட்ஸைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள், அதாவது ஃபிரேமை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆளை நிறுத்துவது. கேமராவே இல்லாத 1797லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நிலக்காட்சி ஓவியத்துக்காக இந்தப் பெயரில் எழுதிவைத்த விதி அது. நல்ல விதிதான். ஆனால் நான் அவர்களிடம் முதலில் சொல்வது வேறு: ஆளை விடு, நான்கு ஓரத்தையும் பார்.

ஏனென்றால் நம் கண் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பின்னால் இருப்பதை மனசு தானாகவே ஒதுக்கிவிடும், கேமராவுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. மேடையில் ஒருவர் பேசுகிறார், முகபாவம் அருமை, ஆனால் படத்தில் ஸ்பீக்கர் ஸ்டாண்டு அவர் உச்சந்தலையிலிருந்து முளைத்து நிற்கும். இதற்கு ஜூமைத் திருகிப் பயனில்லை. நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்தால் எல்லாம் சேர்ந்து பெரிதாகுமே தவிர, தலையும் ஸ்டாண்டும் அதே நேர்கோட்டில்தான் இருக்கும். ஓரடி இடதுபக்கம் நகருங்கள், ஸ்டாண்டு தனியாக விலகிவிடும். கொஞ்சம் குனிந்தால் தலை பின்திரையின் வெறுமையான பகுதிக்கு ஏறிவிடும். கம்போசிஷனில், அதாவது ஃபிரேமுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று அமைப்பதில், பாதி வேலை கால்கள் செய்வது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், கை கால்களை மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டிலோ முழங்காலிலோ ஃபிரேம் முடிந்தால் ஏதோ துண்டானது போல உறுத்தும். தொடை நடுவில் முடிந்தால் உறுத்தாது.

பிறகு ஓரத்தை வெட்டி கிராப் செய்துகொள்ளலாமே என்பார்கள். கிராப் செய்வதை அறவே விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன்கூட, 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்புறம் ஒருவர் தண்ணீரைத் தாண்டும் படத்தை வெட்டத்தான் வேண்டியிருந்தது, பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்த படம் அது. அவருக்கு வேறு வழியில்லை, நமக்கு நகர இடம் இருக்கிறதே!

எடிட்டிங்கில் உட்காரும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தின் ஈர்ப்பு போய்விடும், மூலையில் கிடக்கும் வெள்ளைத் தாளும் பாதி வெட்டுப்பட்ட நாற்காலியும் உடனே கண்ணில் படும். அடுத்த நிகழ்ச்சியில் வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போதே அந்த மூலைகளைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.