ஊர் நடுவில் நடக்க இடம் கேட்டோம்

தென்னாப்பிரிக்காவில் ஒரு தெருவை மாற்ற வேண்டுமென்றால் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. 2003-ம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, அதற்கு 90 நாட்கள் முன்பே வரைவு பட்ஜெட் மன்றத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தச் சமயத்தில் எழுத்தில் கொடுக்காத கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அடுத்த வருஷம்தான். ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் ஒருவர் எங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் இல்லையென்றால் இன்னும் மனு எழுதிக்கொண்டே இருந்திருப்போம்.

எங்கள் ஊர் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்தது. கடைத்தெரு, டாக்சி ரேங்க் (மினிபஸ் டாக்சிகள் ஆள் ஏற்றி இறக்கும் நிறுத்தம்), மார்க்கெட், கிளினிக் எல்லாம் ஒரே சாலையில். முதியோர் உதவித்தொகை வரும் நாட்களில் நடைபாதையில் கால் வைக்க முடியாது. சைக்கிள் என்றால் பலருக்கு டர்பன் கடற்கரையில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதுதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் சைக்கிளில் போகிறவர்கள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் காவலாளிகளும் தோட்டக்காரர்களும்தான். கூட்டங்களுக்கு வர அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அவர்கள் சார்பில் யாராவது பேச வேண்டியிருந்தது.

வார்டு மக்களின் கோரிக்கைகளை நகராட்சிக்குக் கொண்டுபோவது வார்டு கமிட்டி. அதில் கவுன்சிலரோடு பத்துப் பேர் வரை இருக்கலாம். கோயில் இளைஞர் குழு ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாலைச் சந்திப்பில் நின்று போக்குவரத்தை எண்ணியது. கார்களில் போனவர்களைவிட நடந்து போனவர்களே அதிகம். அந்தத் தாளை நீட்டிய பிறகுதான் கமிட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது.

உண்மையான வேலை கமிட்டிக்கு வெளியே இருந்தது. நடைபாதையில் சோளம் விற்கும் ஜூலு பாட்டியை எல்லாரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம். அவர் நேராகவே கேட்டார்: "நடக்க இடம் வேண்டும் என்கிறீர்கள், சரி. நான் எங்கே போவேன்?" தெருவை எப்படி மாற்றலாம் என்று நாங்கள் வரைந்திருந்த படத்தில் அதற்குப் பதில் இல்லை. டர்பன் வார்விக் சந்திப்பில் 1990-களின் நடுவிலிருந்து தெரு வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டே மாற்றங்கள் செய்தார்கள். கட்டி முடிக்காமல் விட்ட மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தையே அமைந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து, கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சத்தை வியாபாரிகளுக்கு ஒதுக்கிப் படத்தைத் திருத்தினோம்.

கார் நிறுத்தும் இடம் குறைகிறது என்றதும் துணிக்கடை ஆன்ட்டிக்குக் கோபம். தேர்த் திருவிழா அன்று சாலையை அடைக்கிறோமே, அன்றைக்கு உங்கள் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போட இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொண்டார்! டாக்சி ஓட்டுநர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆட்களை இறக்கிவிட ரேங்குக்கு முன்னால் தனி இடம். அதை எழுதிச் சேர்த்ததும் அவர்களே எங்களுக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இடத்தைப் பார்க்க வந்த எஞ்சினியர், சைக்கிளுக்குத் தனிப் பாதை போட அகலம் போதாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. வெறும் பெயின்ட் கோட்டின் மேல் கார் ஏறி நிற்கத்தான் போகிறது. இங்கே ஊருக்குள் பொதுவான வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நடைபாதையின் உயரத்துக்கே சாலையைத் தூக்கிக் கட்டும் கடவை, அதாவது நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம், கேட்டோம். அதில் ஏற வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், சக்கர நாற்காலியும் தடையில்லாமல் போகும். மக்கள் ஏற்கனவே எங்கே கடக்கிறார்களோ அங்கேயே அது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் சாலையைத் தூக்கினால் ஓரத்தில் ஓடும் மழைநீர் தேங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாகாணம் இது. வடிகால் குழாய்க்குத் தனியாகக் கணக்குப் போட்டார்கள், செலவு ஏறியது. அதை ஈடுகட்ட அலங்கார விளக்குகளையும் பூந்தொட்டிகளையும் பட்டியலிலிருந்து அடித்தோம்.

கடைசியில் கிடைத்தவை: ஒரு கடவை, முனைகளில் சரிவுகள், நடைபாதையில் கார் ஏறாமல் தடுக்கக் குட்டையான இரும்புக் கம்பங்கள், நூலகத்துக்கு வெளியே சைக்கிள் பூட்ட வளையங்கள். ரேங்குக்குப் பின்பக்கச் சந்தில் இன்னும் விளக்கு இல்லை. விடியலில் சைக்கிளில் வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், அதற்கான மனு இப்போது கமிட்டியில் இருக்கிறது.