நொய்யலைப் பத்தி எழுதப்போய் கத்துக்கிட்டதுங்க
திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆத்தைப் பத்தி முதல்ல எழுதுன கட்டுரை முழுக்க கோபந்தானுங்க. அப்புச்சி படிச்சுட்டு, "கண்ணு, நீ கோவமா இருக்கறது தெரியுது, யாரு என்ன பண்ணோணும்னு எங்கயுமே சொல்லலியே"ன்னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

மறுபடி எழுதுனேன். என்ன வேணும்கறத முதல் பத்தியிலயே வெச்சேன், 'கொடுமை', 'அநியாயம்'ங்கற வார்த்தையெல்லாம் எடுத்துட்டு, நொய்யல்ல பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கி நின்னதையும், 2011 ஜனவரில ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்னதையும் அப்படியே எழுதுனேன், அதுக்கே படிக்கறவங்களுக்கு நெஞ்சு பதறுது.

கஷ்டமா இருந்தது எதிர்த்தரப்பு வாதந்தான். பட்டறைய மூடுனா அங்க வேலை செய்யறவங்க சோத்துக்கு எங்க போவாங்க? இது நெசமான கேள்விங்க, நம்ம வீட்லயே பனியன் கம்பெனிக்குப் போறவங்க இருக்காங்க. அதனால பட்டறைய மூடக்கூடாதுங்கறவங்க சொல்றத அவங்களே ஒத்துக்கற மாதிரி முழுசா எழுதி, அப்பறந்தான் கழிவுநீரை ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிச்சு திரும்பப் பயன்படுத்துற முறையப் பத்திச் சொன்னேன்.

இந்தத் தடவ அப்புச்சி படிச்சுட்டு, பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்டயும் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு.