பெறுநர்: அனைத்துப் பணியாளர்கள்

1991-இல் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே என்னிடம் ஒரு சுற்றறிக்கைக் கட்டைக் கொடுத்து, எல்லாத் துறைகளுக்கும் சேர்ப்பித்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்போது எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. டைப்பிஸ்ட் அம்மா ஸ்டென்சில் தாளில் அடிப்பார். தப்பு வந்தால் சிவப்புத் திரவத்தைத் தொட்டு அந்த எழுத்தை மூடி, காயும்வரை ஊதிவிட்டு அதன் மேலேயே அடிப்பார். சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றுகிறவரின் முழங்கை வரை மை இருக்கும். அவ்வளவு பாடுபட்டு உருவான தாளை எடுத்துக்கொண்டு வளாகம் முழுக்க சைக்கிளில் போனேன்.

போன இடமெல்லாம் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “எங்கே கையெழுத்துப் போடணும்?”

அந்தச் சுற்றறிக்கையில் என்ன இருந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான், முன் அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்ற நினைவூட்டல். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததையே ஆண்டுதோறும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அதே வடிவத்தில், அதே நடையில், ஒரு நாள் யாருக்கும் தெரியாத விஷயமும் வரும். அதையும் அப்படியேதான் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். இது எனக்கு உறைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பிறகு நானே பிரிவுக் கண்காணிப்பாளர் ஆனேன். சுற்றறிக்கை எழுதுவது என் வேலை ஆனது. எப்படி எழுதுவோம் என்று சொல்கிறேன். போன ஆண்டுக் கோப்பை எடுப்போம். அதிலிருக்கும் நகலில் தேதியை மாற்றுவோம். ‘பொருள்’ என்று ஒரு வரி, ‘பார்வை’ என்று நான்கைந்து அரசாணை எண்கள். அப்புறம் ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி, முதல் பத்தி முழுக்க அந்த அரசாணைகளின் வரலாறு. பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்தான் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றே: தவறும் பட்சத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். பெரும்பாலான சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, கோப்பும் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதையே கொஞ்சம் மாற்றி அனுப்புவது எளிது. தமிழில் எழுதினாலும் ‘மேற்கொள்ளப்படலாகாது’ போன்ற சொற்களைப் போட்டு, ஆங்கிலமே தேவலை என்று நினைக்க வைத்துவிடுவோம்.

பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அரசு ஊழியருக்கு ஒரு சலுகை அறிவித்தால் அது எங்களுக்குத் தானாக வந்து சேராது. பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. அரசாணையைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் வைத்து, ஏற்றுக்கொண்டு, பதிவாளர் ஆணை போட்டால்தான் அது எங்களுக்குப் பொருந்தும். துணைவேந்தர் பதவி காலியாக இருந்து பொறுப்புக் குழு நிர்வாகம் செய்கிற காலமாக இருந்தால் அந்தக் கோப்பு நகர எவ்வளவு நாளாகும் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

மகப்பேறு விடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது 2011-இல் ஆறு மாதமானது, 2016-இல் ஒன்பது மாதமானது. 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம். இதற்கான அரசாணை 2021 ஆகஸ்டில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு இளநிலை உதவியாளர் அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து விடுப்பில் இருந்தார். அரசாணையை ஏற்பதற்கான குறிப்பு தயாராகி மேலே போனது, கேள்வியோடு திரும்பி வந்தது, மறுபடி போனது. நடுவே கொஞ்ச நாள் என் மேசையிலும் இருந்தது. அக்டோபரில் அவருக்கு ஒன்பது மாதம் முடிந்தது. குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். மதிய சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் குழந்தையைப் பார்ப்பார். பார்த்த பிறகு சரியாகச் சாப்பிட மாட்டார்.

அவர் திரும்பி வந்து ஏழு வாரம் கழித்து எங்கள் ஆணை வெளியானது. அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். “சார், இது வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார்.

தெரியும். ஆகஸ்டிலிருந்தே தெரியும். ‘அரசாணை வந்திருக்கிறது, நம் பல்கலைக்கழகத்தில் ஏற்பது பரிசீலனையில் உள்ளது, இப்போது விடுப்பில் இருப்பவர்கள் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்’ என்று அரைப் பக்கத்தில் ஒரு தாள் அனுப்பியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையில்லை. முடிவாகாத விஷயத்தைச் சுற்றுக்கு விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் காப்பாற்றுவது அலுவலகத்தை. விடுப்பில் இருந்த அந்தப் பெண்ணை அது காப்பாற்றவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து “தெரியும்மா” என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது சம்பவம் இன்னும் கனமானது. 2021 ஜூலையில் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அடுத்த ஆண்டு கோடையில், காப்பீட்டு அட்டையில் குடும்பத்தினர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டவர்களைச் சேர்க்கப் படிவம் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினோம். எழுதியது நான். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். பெயர் சேர்ப்பது பற்றிய வாக்கியம் நான்காவது பத்தியில் இருந்தது.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் அப்போது விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார். காலையில் போனால் கட்டுகளைத் தூக்கி, எண்ணி, அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்து இரவில்தான் வீடு. அவருடைய இரண்டாவது மகள் பிறந்தது 2020-இல். அட்டையில் மூத்த மகளின் பெயர் மட்டும்தான் இருந்தது. முகாம் முடிந்து பிரிவுக்கு வந்ததும் சுற்றறிக்கையைப் பார்த்ததற்குக் கையெழுத்து வாங்கும் நோட்டை நீட்டியிருக்கிறார்கள், அவரும் இனிஷியல் போட்டிருக்கிறார்.

சில மாதம் கழித்து அந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி, குடல்வால் வீக்கம், உடனே அறுவைச் சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் அட்டையைக் காட்டினால் பெயர் இல்லை. பணம் கட்டினால்தான் ஆகும் என்ற நிலை. மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார். குழந்தை பிழைத்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஏதாவது உதவி செய்ய முடியுமா என்று அவர் கேட்டு வந்தபோது மேல் அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, “சுற்றறிக்கை அனுப்பியாச்சு, இனிஷியல் இருக்கே” என்றார். நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இனிஷியலுக்குக் கீழே தேதி இருந்தது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் முடிந்து ஒன்பது நாள் கழித்து அவரிடம் அந்த நோட்டு போயிருக்கிறது. அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டிக் குறிப்பு எழுதினேன். செலவைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டோம். பல மாதம் அலைந்து ஒரு பகுதி வந்தது. வளையலை மீட்க அது போதவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் எழுதிய அந்த மூன்று பக்கத்தை மறுபடி படித்தேன். அது பணியாளருக்குச் சொல்வதற்காக எழுதப்பட்டதாகவே இல்லை. நாளைக்குத் தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ யாராவது கேட்டால், நாங்கள் சொல்லிவிட்டோம் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டிருந்தது. அரசாணை எண்கள் அத்தனையும் சரி. ஒரு பிழை கிடையாது. கடைசி நாள் எது, யாரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு என் பிரிவிலிருந்து போன தாள்களில் சிலவற்றை மாற்றினேன். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தமிழில் முதல் மூன்று வரியில் வந்துவிடும். பார்வை எண்களைக் கீழே தள்ளினேன். இதற்கு எதிர்ப்பு இருந்தது. வடிவம் கெடுகிறது என்றார்கள். கோப்புக்கு ஒரு நகல் பழைய வடிவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன். ஒழுங்கு நடவடிக்கை என்ற வரியை, உண்மையிலேயே நடவடிக்கை வரக்கூடிய விஷயங்களுக்கு மட்டும் வைத்தேன். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு பற்றிய அறிவிப்பும், பிளாஸ்டிக் கோப்பையில் டீ வாங்கக்கூடாது என்ற நினைவூட்டலும் ஒரே மிரட்டலோடு போனால் எது பெரிது என்று யாருக்குப் புரியும்? செப்டம்பர் 17 சமூக நீதி நாள் உறுதிமொழி மாதிரியானவற்றுக்கு ஒரு பத்தி போதும், அவை எப்படியும் நடந்துவிடும். முகாம், விடுப்பு, வெளியூர்ப் பணி என்று வெளியே இருப்பவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து ஃபோன் போட்டுச் சொல்லச் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். நீல டிக் வந்தால் படித்ததாக அர்த்தமாகிவிடாது. அதுவும் பழைய இனிஷியல் மாதிரிதான்.

எல்லாவற்றையும்விட உதவியது இன்னொரு பழக்கம். கையெழுத்துக்கு அனுப்பும் முன் தாளைத் தபால் பிரிவுக்கு எடுத்துப் போய் அங்கே இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். ஒப்பந்தத் துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவரும் வந்து உட்காருவார். எங்கே அவர்கள் புருவம் சுருங்குகிறதோ அந்த வாக்கியத்தை அடித்து எழுதுவேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாக எழுதியது, 2024 ஜனவரியில் போன வருமான வரிச் சுற்றறிக்கை. அந்த நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான முறை. சேமிப்பு, கட்டணம் போன்றவற்றுக்குக் கழிவு கேட்க வழியுள்ள பழைய முறை வேண்டும் என்பவர்கள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் பிப்ரவரி சம்பளத்தில் வரியை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். எவ்வளவோ கவனமாகத்தான் எழுதினேன். தபால் பிரிவில் படித்துக் காட்டினேன். ஓட்டுநர் ஒருவர் கையைத் தூக்கினார்.

“சார், எல்ஐசி ரசீது, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் ரசீது எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். எழுதித் தராம ரசீதை மட்டும் கொடுத்தா செல்லுமா?”

செல்லாது. அது என் தாளில் எங்குமே இல்லை. ரசீது கொடுத்தாலே போதும் என்று வளாகத்தில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே அவருடைய பேனாவை வாங்கி, ‘எல்ஐசி, பி.எஃப்., பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் ஆகியவற்றுக்குக் கழிவு கேட்பவர்கள் பழைய முறை வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும், ரசீது மட்டும் போதாது’ என்று முதல் வரிக்கு மேலே எழுதினேன். தாளை மறுபடி டைப் அடிக்கக் கொடுத்தேன்.