அட்டைக்கு மேலே உள்ள வசனம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் கோயம்புத்தூர், ஈரோடு பக்கச் சபைகள் பலவற்றில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த அட்டை, அதாவது வேத வசனம் அச்சிட்ட அட்டை, கொடுப்பாங்க. ‘உங்களைப் பற்றி நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே’ என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும். வாசல் நிலைக்கு மேல ஒட்டுவதோடு சரி, வேதத்தைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

ஒரு வசனம் மேலே போங்க. 10-ஆம் வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்றிருக்கும். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 5 முதல் 7 வரை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் விடுதலை என்றான், அது பொய். கேட்க அதுதான் இனிப்பாக இருந்திருக்கும்! அவசரப்படாமலும் கைவிடாமலும் நடத்துகிற தேவனை இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தால்தான் தெரியும்.

வாசிக்கும் முன் சின்னதாக ஒரு ஜெபம். அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசிங்க. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று பாருங்க. கர்த்தர் சொல்வதையும் செய்வதையும் பென்சிலில் கோடிடுங்க. ‘எனக்கு என்ன?’ என்ற கேள்வி கடைசியில்தான். அதை முதலில் கேட்பதால்தான் வேதம் ராசிபலன் மாதிரி ஆகிவிடுகிறது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுங்க. 16 அதிகாரம், தினம் ஒன்று போதும். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். பனியன் கம்பெனி வேன்ல ஆடியோ கேட்கலாம், தப்பில்லை; கோடு போடுகிற வேலையை மட்டும் ஞாயிறு மதியத்துக்கு வெச்சுக்கோங்க.