திடலின் மூலையில் ஐந்து சென்ட் காடு

மரக்காணம் பக்கம் எங்கள் ஊர். திடலின் மூலையில் ஐந்து சென்ட் அளவுக்கு நம்ம மண்ணின் மரங்களை வைக்கலாம் என்று பேச்செடுத்ததும், முதலில் எதிர்த்தது கிரிக்கெட் ஆடும் பசங்கள்தான். "இன்னிக்கு மூலைன்னுவீங்க, நாளைக்குப் பாதித் திடல் போயிடும்ணா" என்றான் ஒருவன். நியாயமான பயம். ஊரில் மிச்சமிருக்கும் ஒரே காலி இடம் அது.

அதனால் எல்லையை அவர்களிடமே விட்டோம். பந்து அதிகம் போகாத பக்கமாகப் பார்த்து, கைப்பம்புக்குக் கிட்டே, அவர்களே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்த அளவை மே 1 கிராம சபையில் தீர்மானமாக எழுதின பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டோம். உங்கள் ஊரில் செய்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இலவசமாகக் கன்றுகள் தருகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். தூங்குமூஞ்சியும் குல்மொஹரும். ஒன்று தென்னமெரிக்க மரம், மற்றது மடகாஸ்கர் மரம். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். இந்தக் கரையோரத்தின் காடு எப்படி இருக்கும் என்பதைக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போனால் பார்க்கலாம். வீரை, காயா என்று குட்டையாக நெருங்கி நிற்கும் மரங்கள், சித்திரை வெயிலிலும் இலை உதிர்த்து மொட்டையாவதில்லை. சோழமண்டலக் கரையில் இந்த வகைக் காடு பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

ஆனி, ஆடியில் விதை பொறுக்கினோம். கோயில் மரங்களடியில் என்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டு, கீழே விழுந்ததை மட்டும். இங்கேதான் ஒரு தவறு செய்தோம். இலுப்பை விதையைச் சாக்கில் கட்டி ஒரு மாதம் வைத்துவிட்டோம், ஒன்றுகூட முளைக்கவில்லை. இலுப்பை, நாவல், வேம்பு மூன்றுக்குமே சதையைக் கழுவிவிட்டுச் சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். பால் பாக்கெட்டில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, தெருவில் பதினாறு வீடுகளில் கன்று வளர்த்தோம். முளைக்காமல் போன இலுப்பைக்குப் பதில் அடுத்த ஆனியில் மறுபடி பொறுக்கினோம்.

அந்த ஐப்பசியில், மழை பிடித்ததும் நட்டோம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின், நெருக்கமாக நட்டுக் காடு வளர்க்கும் முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைப்பார்கள். குடத்தில் தண்ணீர் சுமக்கிற எங்களுக்கு அது கட்டாது என்று ஒன்றே ஒன்று வைத்தோம். மொத்தம் இருநூறு. பிடுங்கிய வேலிகாத்தான் (சீமைக் கருவேல) முள்ளையே ஆடு புகாமல் சுற்றிலும் அடைத்து, உள்பக்கம் உயிர்வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) ஊன்றினோம். கன்றடியில் வைக்கோல் மூடாக்கு.

முதல் கோடையில் 31 கன்று போனது. மற்றவை நின்றதற்குக் காரணம் அந்தப் பசங்கள்தான். ஆட்டம் முடிந்ததும் கைப்பம்பை அடித்து ஆளுக்கு நாலு குடம் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இப்போது நொச்சியும் பூவரசும் ஆள் உயரம். வீரை இன்னும் முழங்கால் அளவுதான், அது அப்படித்தான் வளரும். ஆட்டத்திலும் புது விதி வந்துவிட்டது: பந்து காட்டுக்குள் போனால் இரண்டு ரன், எடுக்க ஒருவன் மட்டும் உள்ளே போகணும், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு.