மூன்றாம் கியரில் மட்டும் திக்கிய கார்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவைத் தாண்டியதும் என் கார் திக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து யாரோ பம்பரைப் பிடித்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி, மூன்றாம் கியரில் மிதித்தால் மட்டும் டக் டக்கென்று ஒரு வெட்டு. இரண்டாம் கியருக்கு இறக்கினால் ஒன்றுமே இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு நாலைந்து தடவை கண்ணடித்துவிட்டு நின்றுபோனது. மேலே போய் நிறுத்தி, பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டால் ஐடிலிங்கில் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடுகிறது.

கீழே வந்ததும் வழக்கமாக விடுகிற சர்வீஸ் சென்டரில் விட்டேன். பெட்ரோல் சரியில்லை, இன்ஜெக்டர் கிளீன் செய்யணும் என்றார்கள். செய்தார்கள். 4,800 ரூபாய். அடுத்த ஞாயிறு அதே மலை, அதே நாலாவது வளைவு, அதே திக்கல்.

ஐடிலிங்கில் நன்றாக ஓடுவதை வைத்து நானும் ஏமாந்தேன், அவர்களும் ஏமாந்தார்கள். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகிற காற்று கொஞ்சம்தான், அழுத்தமும் கம்மி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவில் பொறி சுலபமாகத் தாண்டிவிடும். மேட்டில் பெரிய கியரில் மிதிக்கும்போது சிலிண்டர் முழுக்கக் காற்று அடைகிறது, அழுத்தம் ஏறுகிறது, அதே ஒரு மில்லிமீட்டர் சந்து இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் நிறைய வோல்ட் வேண்டியிருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000, 30,000 என்று காயில் ஏற்றித்தான் அனுப்புகிறது, ஆனால் போகிற வழியில் எங்காவது இதைவிடச் சுலபமான குறுக்குவழி கிடைத்தால் கரண்ட் அந்தப் பக்கம் போய்விடும். உள்ளே பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் வெளியேறும். விளக்கு நிலையாக எரியாமல் கண்ணடித்தால் அதற்கு அர்த்தம் இதுதான்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, காலை எடு. அது போனால் 4,800 எல்லாம் சில்லறை.

எங்கள் தெரு முனை மெக்கானிக் அண்ணன் பழைய ஆள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லி, “பொறி நல்லா வருது தம்பி, பிளக் ஓகே” என்றார். எங்கள் அப்பா ஸ்கூட்டருக்கும் இப்படித்தான் பார்ப்பார். வெளிக்காற்றில் பொறி வந்துவிட்டது என்பதற்காக, பல மடங்கு அழுத்தத்தில் உள்ளேயும் வரும் என்று சொல்ல முடியாது. பொறியே வரவில்லை என்றால் அது ஒரு பதில், வந்தால் அது பதிலே இல்லை. அதுவும் ஒவ்வொரு பிளக் தலையிலும் தனித்தனி காயில் உட்காரும் இந்தக் காலத்து வண்டிகளில் இதைச் செய்தால் எலெக்ட்ரானிக்ஸ் போகலாம், கையில் ஷாக்கும் அடிக்கும். அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் நண்பனிடம் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் கடன் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி போனில் பார்த்தால் பி0303, ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிற எர்ரர் கோட். கடைசி எண்தான் சிலிண்டர், ஆகவே மூன்றாவது. (பி0300 என்று வந்தால் எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள், அப்போது பெட்ரோல் பிரஷர், ஏர் லீக் என்று வேறு பக்கமும் பார்க்கவேண்டும்.) ஒன்றாம் சிலிண்டர் பெரும்பாலான வண்டிகளில் டைமிங் செயின் இருக்கிற பக்கம், அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

எர்ரர் கோட் வந்ததும் நேராகக் கடைக்குப் போய்ப் புதுக் காயில் வாங்குகிறவர்கள்தான் அதிகம். எர்ரர் கோட் சிலிண்டரைக் காட்டுகிறதே ஒழிய, காயிலா பிளக்கா என்று சொல்வதில்லை. காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. மகளின் நெயில் பாலிஷை எடுத்துக் காயில்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று புள்ளி வைத்தேன். மூன்றாவது காயிலை ஒன்றாவது இடத்துக்கும் ஒன்றாவதை மூன்றாவது இடத்துக்கும் மாற்றி, எர்ரர் கோட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு, மலை. மறுபடியும் பி0303. சரி, காயில் இல்லை. அடுத்த நாள் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, மூன்றாவது பிளக்கை இரண்டாவதோடு மாற்றினேன். மலை. பி0302! எர்ரர் கோட் பிளக்கோடு நகர்ந்துவிட்டது.

கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். முனை நல்ல பழுப்பு நிறம், கரி இல்லை, எண்ணெய் இல்லை. முனையை மட்டும் பார்ப்பவர் இதைத் திரும்ப மாட்டியிருப்பார். ஆனால் மேலே வெள்ளைப் பீங்கானில், தலையிலிருந்து இரும்பு வரைக்கும், பென்சிலால் கோடு கிழித்தது மாதிரி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. துடைத்தால் போகவில்லை, நகத்தால் சுரண்டியும் போகவில்லை. கரண்ட் கீழே சந்தைத் தாண்டாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே ஓடி இரும்பில் இறங்கியிருக்கிறது, ஓடின தடம் அது. இதைப் பீங்கான் அடியில் சுற்றி வரும் பழுப்பு வளையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வளையம் ஹை வோல்டேஜ் பக்கத்தில் எண்ணெய்த் துகள்கள் ஒட்டுவதால் வருவது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அதைப் பார்த்து பிளக் லீக் என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

கரண்ட் ஏன் வெளியே ஓடியது? இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் சந்து 1.4 மில்லிமீட்டர். இருக்கவேண்டியது 1.1. மேனுவலில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்றிருக்கிறது, நான் 62,000 ஓட்டியிருக்கிறேன், அது என் தப்பு. இன்னொன்று, மூன்றாவது பிளக் குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் எண்ணெய் பளபளத்தது. இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவருக்குள் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் சீல் இறுகிப்போய், இன்ஜின் ஆயில் கசிந்து காயிலின் ரப்பர் பூட்டை, அதாவது பிளக் தலையை மூடும் உறையை, ஊறவைத்திருக்கிறது. தாண்டவேண்டிய சந்து பெரிசு, வெளியே போகும் வழி சுலபம், கரண்டைச் சொல்லிக் குற்றமில்லை.

குழியில் துணி விட்டு எண்ணெயை ஒற்றி எடுத்து, காற்றடித்து, நாலு பிளக்கும் புதுசு போட்டேன். பழைய பெட்ரோல் டியூபை ஒரு ஜாண் வெட்டி பிளக் தலையில் செருகி, அதைப் பிடித்தே மரை ஏற்றினேன். கோணலாக ஏறினால் டியூப் கையில் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது, அலுமினிய மரையைத் தின்றுவிடும்.

இரண்டு வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் திரும்பத் திக்கல். ஸ்கேனரைப் போட்டால் பி0301. ஒன்றாவதா? எனக்குத் தலை சுற்றியது. ஒன்றாவதைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் காயிலில் மூன்று நெயில் பாலிஷ் புள்ளி கண்ணில் பட்டது. அன்றைக்கு இடம் மாற்றியதைத் திருப்பி வைக்கவே இல்லை. ரப்பர் பூட்டைக் கழற்றி உட்புறம் பார்த்தால் பிளக்கில் இருந்த அதே கோடு, அச்சு எடுத்தது போல. தடம் பீங்கானில் மட்டும் பதியவில்லை, ரப்பரிலும் பதிந்திருக்கிறது. புதுப் பிளக்கையும் அது அதே மாதிரி கெடுக்கத் தொடங்கியிருந்தது, பீங்கானில் இளங்கோடு ஒன்று. ஆக, முதலில் காயிலைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தேனே, அது பாதிதான் சரி.

நாலு ரப்பர் பூட்டும் ஒரு பிளக்கும் வாங்கினேன். டேப்பட் கவர் பேக்கிங்கும் குழி சீலும் தெரு முனை அண்ணன்தான் மாற்றிக் கொடுத்தார், சுத்தமான வேலை. போன ஞாயிறு 20 வளைவும் மூன்றாம் கியரில் முடிந்தவரை மிதித்துப் பார்த்தாயிற்று, விளக்கு வரவில்லை. மூன்று புள்ளிக் காயில் இன்னும் ஒன்றாவது இடத்திலேயே இருக்கிறது.