கிரெடிட் சுவிஸ்: லிமிட் ரிப்போர்ட் பார்க்கிறவனின் பார்வையில்

நான் ஒரு வங்கியில் கவுன்டர்பார்ட்டி ரிஸ்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். நம்மோடு வியாபாரம் செய்யும் முதலீட்டு நிறுவனம் நாளைக்கே கவிழ்ந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டு, அது லிமிட்டைத் தாண்டினால் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கிரெடிட் சுவிஸ் என்ற சுவிட்சர்லாந்து வங்கியின் கதையைச் சொல்லித்தான் பயிற்சியைத் தொடங்குவேன், அதுவும் அது கவிழ்ந்த 2023இலிருந்து அல்ல, தொடங்கிய 1856இலிருந்து.

ஆல்ஃப்ரெட் எஷர் என்ற சூரிக் அரசியல்வாதி ஆரம்பித்த வங்கி அது. ரயில் பாதை போடப் பணம் வேண்டும், வெளிநாட்டு வங்கிகளிடம் போனால் பிடி அவர்கள் கைக்குப் போய்விடும், அதனால் சொந்தமாகவே ஒரு வங்கி. 30 லட்சம் பிராங்குக்குப் பங்கு விற்கப்போன இடத்தில் மூன்றே நாளில் 21 கோடிக்கும் மேல் கேட்டு விண்ணப்பம் குவிந்தது. எஷர் முன்னின்று தொடங்கிய கோட்ஹார்ட் மலைச் சுரங்கத்தில் 1882இல் ரயில் ஓடியது, ஆனால் செலவு எகிறிய விவகாரத்தில் அவரை 1878லேயே விலக வைத்துவிட்டார்கள். ஒரு நாட்டைக் கட்ட உதவிய வங்கி இது என்பதை மறக்காமல் மீதியைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1977இல் சியாசோ கிளையின் ஊழல் வெளியே வந்தது. இத்தாலிய எல்லையில் இருந்த அந்தக் கிளையின் மேலாளர்கள், எல்லை தாண்டி வந்த வாடிக்கையாளர் பணத்தை லிக்டன்ஸ்டைனில் இருந்த டெக்சான் என்ற நிறுவனத்துக்குத் திருப்பி, அதற்கு வங்கியின் பெயரில் உத்தரவாதமும் கொடுத்தார்கள். அது தலைமையகக் கணக்கில் ஏறாமலே பல வருஷம் ஓடியது. அப்புறம் 1988இல் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் பெரும் பங்கு வாங்கினார்கள், 1990இல் அது கைக்கே வந்தது, வால் ஸ்ட்ரீட் பழக்கங்களும் கூடவே வந்தன. 2008 நெருக்கடியில் இன்னொரு பெரிய சுவிஸ் வங்கியான யுபிஎஸ் அரசு உதவி வாங்கியது, இவர்கள் வாங்கவில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் தங்களைத் தாங்களே கேள்வி கேட்க விடாமல் செய்தது என்பது என் கணிப்பு.

எங்கள் தொழிலுக்குப் பாடம் ஆர்கிகோஸ். பில் ஹ்வாங் நடத்திய அந்த முதலீட்டு நிறுவனம் கிரெடிட் சுவிஸின் வாடிக்கையாளர். பங்கைத் தன் பெயரில் வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்தில் லாப நஷ்டம் பார்க்கும் ஸ்வாப் ஒப்பந்தங்கள் மூலம் அது சில பங்குகளில் மட்டும் பிரமாண்டமாகப் பந்தயம் கட்டியிருந்தது. பங்கு விலை ஏற ஏற ஆபத்தும் ஏறியது, ஆனால் அது வங்கியிடம் ஈடாகக் கட்டி வைத்திருந்த பணம், அதாவது மார்ஜின், அதற்கேற்ப ஏறவில்லை. கிரெடிட் சுவிஸ் அதற்கு வைத்த லிமிட் 2 கோடி டாலர், 2020இலேயே ஆபத்தின் அளவு அதைப் போலப் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. வங்கியே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 ஜூலையில் பொதுவில் வந்தது, அதில் என்னை உலுக்கியது இதுதான்: எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை. கீழே இருந்தவர்கள் கண்டார்கள், எழுதினார்கள், கூட்டத்தில் பேசினார்கள். மார்ஜினை உயர்த்தும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. இருந்தும் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதென்று பேச்சுவார்த்தைக்குக் காத்திருந்தார்கள், காத்திருந்த அதே 2021 மார்ச்சில் ஆர்கிகோஸுக்கு 240 கோடி டாலரைத் திருப்பியும் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஆர்கிகோஸ் கவிழ்ந்தது, வங்கிக்கு மொத்த நஷ்டம் சுமார் 550 கோடி டாலர். அந்த வாடிக்கையாளரிடமிருந்து 2020இல் வந்த வருமானம் 2 கோடி டாலர்கூட இல்லை!

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 11,000 கோடி பிராங்குக்கு மேல் பணம் வெளியேறியது, 2023 மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமை 300 கோடி பிராங்குக்கு யுபிஎஸ் வாங்குவதாக அறிவிப்பு வந்தது, வங்கி சிக்கலில் விழுந்தால் மதிப்பு அழிக்கப்படக்கூடிய ஏடி1 என்ற கடன் பத்திரங்கள், சுமார் 1,600 கோடி பிராங்க், ஒரே உத்தரவில் பூஜ்யமாயின. புனேயில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கிரெடிட் சுவிஸில் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேலே இருப்பவர்கள் கேட்கவில்லையென்றால் நாம் என்ன செய்ய முடியும்? என் பதில்: லிமிட் மீறலை எழுதும்போதே, எந்தத் தேதிக்குள் மார்ஜின் ஏற வேண்டும், ஏறாவிட்டால் புது வர்த்தகத்தை யார் நிறுத்துவார் என்று பெயரோடு எழுது. அந்தத் தேதி தாண்டினால் மின்னஞ்சல் போதாது, போனை எடு.